தறுகணும் கொடையும்: ‘பார்த்திபன் கனவு’ பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் தாழுங்காலத்தில், பண்ணவாடிப் பக்கத்தில் பழைய சிவன் கோயிலின் நந்தியும், கிறித்தவக் கோயில் ஒன்றன் கோபுரமும் நீருக்கு மேலே தலைகாட்டும். அணை கட்டும் பணி 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்றது. அப்போது ஊரை விட்டு நீங்கிய மக்கள் விட்டுச் சென்ற அடையாளங்கள் அவை. முன்னே எழுந்தவற்றைப் பின்னே வந்த நீர் மறைத்தது, ஆனால் அழிக்கவில்லை. நீர் தாழ்ந்தபோது அவற்றைக் காண்பவன், நீர் வருமுன் அவ்வூரார் கண்டவாறு அவற்றைக் காண்பதில்லை. நந்தி பழைய நந்தியே. பார்ப்பவன் கண்ணில் பொருள் வேறாகிவிடுகிறது.

நூல்களிலும் இந்நிலை உண்டு. ஓர் ஆசிரியர் முதலில் ஒரு கதையை எழுதுகிறார். பின்னர் அக்கதைக்கு முற்பட்ட காலத்தைப் பொருளாகக் கொண்டு மற்றொரு பெருங்கதை எழுதுகிறார். பின்னது வந்தபின் முன்னதை முன்போலப் படித்தல் இயலாது. கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தியின் (1899–1954) ‘பார்த்திபன் கனவு’ இத்தகைய நூல். அது தனித்து நிற்கும் ஒரு வீரச்செயற் புதினம். அதே வேளையில், பல்லவர், சோழர் என்னும் இரு குலங்களின் கதையைப் பல பாகங்களில் விரித்துரைக்கும் ஒரு பெருந்தொடரின் உறுப்பாகவும் அமைந்துவிட்டது. தனிநூல் என்னும் நிலையில் அதன் குறை யாது, தொடரின் உறுப்பு என்னும் நிலையில் அக்குறை எவ்வாறு வேறு பொருள் பெறுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்கி காவிரியின் கடைமடையில் பிறந்தவர். ஆயினும் அவருடைய எழுத்துப் பயிற்சியில் சேலம் நாட்டுக்கும் பங்கு உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்துக் காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி நடத்திய மதுவிலக்கு இதழாகிய ‘விமோசன’த்தில் அவர் பணியாற்றினார். பொதுமக்கள் விரும்பிப் படிக்குமாறு ஒரு கருத்தைக் கதையாக்கும் கலையை அவர் பயின்ற களங்களுள் அதுவும் ஒன்று. ஆகவே அவருடைய கதைகளில் சுவைக்கும் கருத்துக்கும் உள்ள உறவை ஆராய்தல் இந்நாட்டாருக்கு உரிய பணியே ஆகும்.

2. எழுதிய முறையும் நிகழ்ந்த முறையும்

‘பார்த்திபன் கனவு’ ‘கல்கி’ இதழில் 1941 முதல் 1943 வரை தொடராக வெளிவந்தது. அதன்பின் 1944 முதல் 1946 வரை ‘சிவகாமியின் சபதம்’ வந்தது. கதை நிகழும் கால முறைப்படி பின்னதே முற்பட்டது. மாமல்ல நரசிம்மவர்மனின் இளமையும், வாதாபிப் போரும் அதன் பொருள். அவனுடைய முதிர்ந்த பருவமே ‘பார்த்திபன் கனவி’ன் களம். 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களாக, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்ட சோழர் கதையைக் கூறுகிறது.

இம்மூன்றையும் ஒரு தொடர் எனல் பொருந்துமா எனச் சிலர் வினவலாம். கல்கி அவற்றுக்குப் பொதுப்பெயர் எதுவும் இட்டாரல்லர். எனினும் முதலிரு நூல்களையும் மாமல்லன், பரஞ்சோதி என்னும் சிறுத்தொண்டர், குந்தவி முதலிய மாந்தர் பிணைக்கின்றனர். பார்த்திபனின் கனவு முந்நூறு ஆண்டு கழிந்தே முழுமையாக நனவாயிற்று என்று முதல் நூலின் இறுதிப் பகுதி இராசராசன் காலத்தைச் சுட்டுகிறது. எழுதப்படாத நூலுக்கு எழுதப்பட்ட நூல் கால்கோள் செய்தது போன்றது இது. ஆதலின் தொடர் எனல் தகும்.

இம்முறை தமிழுக்கு மட்டும் உரியது அன்று. ஆப்பிரிக்காவில் குடியேறிய ஆங்கிலக் குடும்பம் ஒன்றன் கதையைப் பல நூல்களில் எழுதியவர் வில்பர் ஸ்மித் (1933–2021). இன்று சாம்பியா எனப்படும் அன்றைய வட ரொடீசியாவிற் பிறந்த அவர், கோர்ட்னி என்னும் அக்குடும்பத்தின் முதல் கதையாகிய ‘வென் தி லயன் ஃபீட்ஸ்’ என்பதை 1964இல் வெளியிட்டார். அதன் களம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நேட்டால். முப்பத்து மூன்று ஆண்டு கழிந்து, 1997இல், ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ என்னும் நூலில் அக்குடும்பத்தின் பதினேழாம் நூற்றாண்டு மூதாதையரிடம் திரும்பினார். 1999இல் வந்த ‘மான்சூன்’ அவர்தம் அடுத்த தலைமுறையின் கடற்செலவுக் கதை. முன்னோர் கதையைப் பின்னர் எழுதும் ஆசிரியர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இருவர்க்கும் ஒன்றே. முடிவு முன்னரே தெரிந்துவிட்ட ஒரு குலத்தின் தொடக்கத்தை எவ்வாறு சுவைபடச் சொல்வது என்பதே அது.

3. தறுகண்

வீரச்செயற் புதினத்தின் சுவையைத் தமிழ் மரபில் எங்கு வைத்து எண்ணுவது? தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாகிய பெருமிதத்துக்கு நான்கு நிலைக்களன்கள் வகுத்தார். கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன அவை. வீரக்கதையை மருட்கையின்பாற் படுத்து, வியப்பூட்டும் கதை என ஒதுக்குதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வியப்பு அதன் புறம். பெருமிதமே அதன் அகம். கதைத்தலைவன் அஞ்சத்தக்க இடத்தில் அஞ்சாது நிற்றலாகிய தறுகணே கதையை நடத்துதல் வேண்டும் என்பது வீரக்கதை படிப்போரின் எதிர்பார்ப்பு.

‘பார்த்திபன் கனவி’ன் தொடக்கம் இவ்வெதிர்பார்ப்பை நன்கு எழுப்புகிறது. சோழ நாடு பல்லவர்க்குத் திறை செலுத்தும் சிறு நாடாகச் சுருங்கிய காலம். திறை தர மறுத்த பார்த்திபன், வெல்ல இயலாது என அறிந்தே வெண்ணாற்றங்கரைப் போருக்குச் செல்கிறான். செல்லுமுன், தான் மறைவாகத் தீட்டி வைத்த ஓவியங்களைத் தன் மகன் விக்கிரமனுக்குக் காட்டுகிறான். சோழரின் புலிக்கொடி கடல் கடந்து பறப்பதாகிய கனவே அவ்வோவியங்களின் பொருள். தன்னால் எய்த இயலாததை மகன் கண்ணில் எழுதிவிட்டுச் சாகும் தந்தையின் இக்காட்சி இந்நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. இங்கே தோல்வியே தறுகணின் உரைகல்லாக நிற்கிறது.

விக்கிரமன் தந்தையின் வழியில் நடக்கிறானா என்பதே அடுத்த வினா. வளர்ந்தபின் அவன் உறையூரில் விடுதலைக்கொடி ஏற்ற முயல்கிறான். சிற்றப்பனாகிய மாரப்பபூபதியின் வஞ்சனையால் அம்முயற்சி முளையிலேயே கருகுகிறது. சிறைப்பட்டுக் காஞ்சிக்குச் செல்கிறான். அடிபணிய மறுத்து நாடு கடத்தப்படுகிறான். செண்பகத் தீவின் மக்கள் அவனைத் தம் அரசனாக ஏற்கின்றனர். அங்கிருந்து இரத்தின வணிகன் வேடத்தில் தாய்நாடு திரும்புகிறான். வழியிற் பகைவர் தாக்குகின்றனர். ஒற்றர் தலைவர் துணை நிற்கிறார். காட்டாற்று வெள்ளத்தில் சிக்குகிறான், பொன்னன் துணையாகிறான். நோயுற்று வீழ்கிறான், பல்லவன் மகள் குந்தவி காக்கிறாள்.

இவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். விக்கிரமனின் துணிவில் ஐயமில்லை. ஆயின் அத்துணிவு எவ்விடத்தும் கதையை முடித்துவைப்பதில்லை. ஏற்றிய கொடி இறக்கப்படுகிறது, தீவின் ஆட்சி தானே வந்து எய்துகிறது, வேடம் வெளிப்பட்டுவிடுகிறது. அவன் செயல் தொடங்கி வைக்கிறது. பிறர் செயல் முடிக்கிறது. வீரக்கதையின் தலைவனுக்கு இது பெருங்குறையே. சுவையான நிகழ்ச்சிகளின் விரைவில் இக்குறை நம் கண்ணுக்குப் படாது மறைந்துவிடுகிறது. ஆராய்வோர் அதனைக் காணாது விடுதல் முறையன்று.

4. கொடை

கதையை முடித்துவைப்பவன் மாமல்லன். போர்க்களத்தில் உயிர் பிரியும் நிலையிற் கிடக்கும் பார்த்திபன்முன் சிவனடியார் ஒருவர் தோன்றுகிறார். அவன் மகனை வீரனாக வளர்த்துக் கனவை நிறைவேற்றுவதாக வாக்களிக்கிறார். தாம் யார் என்பதை அவனுக்குக் காட்டவும் செய்கிறார். பார்த்திபன் முகத்தில் வியப்புத் தோன்றுகிறது. படிப்போர்க்கு அவர் யார் என ஆசிரியர் சொல்வதில்லை. இம்மறைப்பே நூல் முழுவதையும் தாங்கும் தூண். சிவனடியாராக வந்தவர் பல்லவச் சக்கரவர்த்தியே என்பது இறுதியில் வெளிப்படுகிறது. விக்கிரமனுக்குச் சிரசாக்கினை விதிப்பதாகச் சொல்லி, அவன் தலை விடுதலை பெற்ற சோழ நாட்டின் மணிமுடியைச் சுமக்கவேண்டும் என்பதே அவ்வாக்கினை என்று சக்கரவர்த்தி விளக்குங்கால், கதை முடிந்துவிடுகிறது.

இச்சொல் விளையாட்டு அவையோரை மகிழ்விக்கும். ஆயினும் அதனுள் ஒரு முள் இருக்கிறது. தந்தை உயிர் கொடுத்தும் பெறாத விடுதலையை, மகன் அத்தந்தையை வென்றவன் கையிலிருந்தே பெறுகிறான். தறுகணில் தொடங்கிய பெருமிதம் கொடையில் முடிகிறது. அக்கொடைக்கு உரியவன் கதைத்தலைவன் அல்லன். அவனுக்குப் பகைவனாக இருந்தவனே. அவன் பெற்ற பெருமிதத்துக்கு முன் விக்கிரமனின் பெருமிதம் சிறுத்துவிடுகிறது. நூலின் பெயர் சோழனுடையது. நூலின் உண்மைத் தலைவன் பல்லவன்.

இந்நூல் வெளிவந்த ஆண்டுகளை ஈண்டு நினைத்தல் வேண்டும். 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் எழுந்தது. விடுதலைப் போரிற் சிறை சென்றவர் கல்கி. ஆள்வோர் மனமிரங்கித் தரும் விடுதலை விடுதலையாகுமா என்பது அக்கால மக்களுக்கு ஏட்டு வினா அன்று. ‘பார்த்திபன் கனவு’ அவ்வினாவுக்குத் தரும் விடை எளிதில் ஏற்கத்தக்கதன்று. ஆசிரியரும் அதனை உணர்ந்தே இருந்தார் எனக் கருத இடமுண்டு. பல்லவர்க்கு மருமகனாகிவிட்ட விக்கிரமன் காலத்தில் தந்தையின் கனவு முழுதும் நிறைவேறவில்லை என்று நூலின் முடிவிலேயே அவர் கூறிவிடுகிறார். கொடையாக வந்த முடியின் எல்லையை இக்கூற்று வரையறுக்கிறது. வெற்றி முழக்கத்தோடு முடித்திருக்கக்கூடிய கதையை இவ்வாறு குறைத்துரைத்து முடித்தமை ஆசிரியரின் நேர்மைக்குச் சான்று என்க.

5. பின்வந்த நூல் தரும் ஒளி

‘சிவகாமியின் சபதம்’ நான்கு பாகங்களை உடையது. அதன் இறுதிப் பாகத்தின் பெயர் ‘சிதைந்த கனவு’. முதல் நூலின் பெயரிலும் ‘கனவு’ உண்டு. இவ்விரண்டும் ஒரு மன்னனைச் சுற்றியே நிற்கின்றன. வாதாபியை எரித்துச் சபதத்தை நிறைவேற்றிய மாமல்லன், சபதம் செய்தவளாகிய சிவகாமியை இழக்கிறான். அவன் பாண்டியன் மகளை மணந்து மக்களையும் பெற்றுவிட்டான். காஞ்சித் தெருவில் அரச குடும்பத்தின் பவனியைக் காணும் சிவகாமி, தன் கலையை ஏகாம்பரநாதருக்கே உரியதாக்குகிறாள். ஒரு பெண்ணின் கனவைச் சிதைத்தவன் என்னும் நினைவோடு மாமல்லனை நாம் விட்டுப் பிரிகிறோம்.

இந்நினைவோடு ‘பார்த்திபன் கனவை’ மீண்டும் திறப்போமாயின், சிவனடியார் வேடத்தின் பொருள் மாறிவிடுகிறது. முன்னர் அது கதையின் முடிச்சு. இப்போது அது ஒரு மனிதனின் நோன்பு. பகைவனாக வந்து களத்திற் கிடப்பவனிடம் ஒரு பேரரசன் ஏன் வாக்களிக்க வேண்டும் என்னும் வினாவுக்கு, முதல் நூல் அவன் பெருந்தன்மையை மட்டுமே விடையாகத் தந்தது. தன் காலத்தில் ஒரு கனவு தன்னாலேயே சிதைந்ததை அறிந்தவன், மற்றொரு கனவையேனும் காத்துத் தர முற்படுகிறான் என்னும் விடையை இரண்டாம் நூல் தருகிறது. அப்போது அவன் கொடை வென்றவனின் தயவாக நிற்பதில்லை. கடன் தீர்க்கும் முயற்சியாகிறது. கொள்பவனுக்கு அதனால் இழிவு இல்லை.

இப்பேற்றுக்கு ஒரு விலையும் உண்டு. கால முறைப்படி இரண்டாம் நூலை முதலிற் படித்தவர்க்கு, வேடத்தின் மறைவு நெடுநேரம் நிற்பதில்லை. பரஞ்சோதியின் வாளால் கை இழந்து தப்பியவனை அறிந்தவர்க்கு, பின்னர் ஒற்றைக் கையுடன் தோன்றும் கபாலிகனும் புதிராகத் தோன்றமாட்டான். முதல் நூலைத் தாங்கிய தூணாகிய மறைப்பு நீரில் அமிழ்ந்துவிடுகிறது. மேட்டூர் நந்தியைப் போல அது அங்கேதான் இருக்கிறது. அதன் பயன் மாறிவிட்டது. எனவே கற்பிப்போர் எழுதிய முறையையே முதலிற் பின்பற்றி, ‘பார்த்திபன் கனவை’ மாணவர் முதலிற் படிக்கச் செய்து, ‘சிவகாமியின் சபத’த்துக்குப் பின் மீண்டும் படிக்கச் செய்தல் நலம் பயக்கும். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படமாக வந்தபின் பலர் தொடரின் கடைசி நூலிலிருந்து உள்ளே புகுந்துள்ளனர். அவர்களுக்கு இம்முறை பெரிதும் துணை செய்யும்.

6. கோர்ட்னி குடும்பக் கதையோடு ஓர் ஒப்பு

ஸ்மித்தின் ‘மான்சூன்’ புதினத்திலும் கடல் கடந்த இளைஞன் ஒருவன் உண்டு. கோர்ட்னி உடன்பிறந்தாருள் இளையவனாகிய டோரியன் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அரபு இளவரசன் ஒருவனுக்கு விற்கப்பட்டு, அவனால் மகனாக ஏற்கப்படுகிறான். அயலார் நிலத்தில் அரச மரபினனாகும் இந்நிகழ்ச்சி செண்பகத் தீவை நினைவூட்டும். ஆயினும் இரு கதைகளையும் இயக்கும் ஆற்றல் வேறு. மூத்தவனுக்கே குடும்ப உடைமை என்னும் ஆங்கில வழக்கு இளையோரைக் கடலுக்குத் துரத்துகிறது. அவர்கள் எதையும் எவரிடமிருந்தும் கொடையாகப் பெற எண்ணுவதில்லை, கைவலியால் கொள்கின்றனர். யானைத் தந்தம், பொன், நிலம் என ஒவ்வொரு தலைமுறையும் தன் தறுகணால் ஈட்டிக்கொள்கிறது.

ஆகவே வீரக்கதை என்னும் முறையில் ஸ்மித்தின் தலைவர்கள் விக்கிரமனை விட முழுமையானவர்கள். அவர்தம் செயலே கதையை நடத்துகிறது, முடிக்கிறது. ஆனால் அம்முழுமைக்குள் வேறொரு குறை உண்டு. அவர்கள் கொண்ட நிலம் எவருடையது என்னும் வினா கதையின் விரைவில் பின்தங்கிவிடுகிறது. ‘வென் தி லயன் ஃபீட்ஸ்’ நூலில் ஷான் கோர்ட்னிக்கு உற்ற துணையாக வரும் சூலு வீரன் இம்பெஜானே வலிமையும் பற்றும் மிக்கவன். எனினும் தலைவனின் ஊழியன் என்னும் எல்லையை அவன் கடப்பதில்லை. கல்கியின் ஓடக்காரப் பொன்னனை இவனோடு ஒப்பிடுக. போருக்கு வர விரும்பும் பொன்னனைப் பார்த்திபன் தடுத்து, மகனையும் அரசியையும் காக்கும் கடமையை அவனிடம் ஒப்புவிக்கிறான். கனவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு படைத்தலைவன் எவனிடமும் தரப்படவில்லை. காவிரியில் ஓடம் செலுத்துபவனிடம் தரப்பட்டது. பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் இல்லையேல் கதை இல்லை.

வென்றவரின் குடும்பக் கதையை ஸ்மித் எழுதினார். தோற்றவரின் கனவை வென்றவர் எவ்வாறு எதிர்கொள்ளவேண்டும் என்பதைக் கல்கி எழுதினார். முன்னதில் தறுகண் மிகுதி. பின்னதில் அதன் குறைவு. ஆயின் வென்றவனின் மனத்தில் ஒரு கடன் உணர்வை வைத்துப் பார்க்கும் துணிவு பின்னதற்கே உரியது.

7. முடி கொள்ளலும் முடி தருதலும்

தொடரின் மூன்றாம் நூலை நோக்கினால் இக்கருத்து நிறைவு பெறும். ‘பொன்னியின் செல்வ’னின் நான்காம் பாகம் ‘மணிமகுடம்’. ஐந்தாம் பாகம் ‘தியாக சிகரம்’. மக்கள் அருள்மொழிவர்மனை அரசனாக்க விரும்புகின்றனர். அவனோ முடியைத் தன் சிற்றப்பன் முறையினனாகிய உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கிறான். இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. தன் சிற்றப்பன் விரும்பும்வரை அருள்மொழி அரசினை விரும்பவில்லை என்னும் செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தருகின்றன. உத்தம சோழனுக்குப் பின் 985இல் அவன் இராசராசனாக முடிசூடினான்.

இப்போது மூன்று நூல்களையும் ஒருங்கு வைத்துக் காண்க. முதல் நூலில் சோழன் ஒருவன் முடியைக் கொடையாகப் பெறுகிறான். இறுதி நூலில் அவன் குலத்தில் வந்தவன் முடியைக் கொடையாகத் தருகிறான். முதல் நூலில் பல்லவனிடம் இருந்த பெருமிதம் இறுதி நூலில் சோழனிடம் வந்து சேர்கிறது. பார்த்திபன் கண்ட கனவு புலிக்கொடி கடல் கடப்பதே ஆயினும், கல்கியின் கதைத்தொடர் அக்கனவின் சிகரமாக வைத்தது கடல் கடந்த வெற்றியை அன்று. கைக்கு எட்டிய முடியை விட்டுக்கொடுத்த செயலையே ஆகும். கொள்பவனாக இருந்த குலம் கொடுப்பவனாக உயர்ந்தபோதே கனவு நனவாயிற்று.

8. முடிவுரை

‘பார்த்திபன் கனவு’ தனிநூலாக நோக்குமிடத்துத் தலைவன் செயலால் முடியாத ஒரு வீரக்கதை. இக்குறையை மறைத்துப் புகழ்வதால் கல்கிக்குச் சிறப்பு உண்டாகாது. தொடர்கதை என இகழ்ந்து தள்ளுவதாலும் ஆராய்ச்சிக்குப் பயன் இல்லை. அந்நூல் எழுப்பிய வினா, பெற்ற விடுதலைக்கும் ஈட்டிய விடுதலைக்கும் உள்ள வேற்றுமை பற்றியது. அவ்வினாவுக்கு அந்நூலிலேயே முழு விடை இல்லை என்பதை ஆசிரியர் உணர்ந்து, அதனை இறுதிப் பகுதியில் ஒப்புக்கொண்டார். பின்னர் எழுதிய இரு பெருநூல்களும் அவ்வினாவின் இரு புறங்களைத் தெளிவாக்கின. ஒன்று கொடுத்தவன் ஏன் கொடுத்தான் என்பதைக் காட்டியது. மற்றொன்று கொண்டவன் குலம் எப்போது கொடுக்கக் கற்றது என்பதைக் காட்டியது.

தொடர்ப் புதினங்களை ஆராயும் மாணவர், ஒவ்வொரு நூலையும் முதலில் தனித்தும், பின்னர்த் தொடரில் வைத்தும் இருமுறை எடை போடுதல் வேண்டும். இரு எடைகளும் ஒன்றாகாவிடத்து, அவ்வேறுபாடே ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகும். ‘பார்த்திபன் கனவு’ நமக்குத் தரும் பாடம் இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.